படித்த ஆடும் தாடிக் கோஸும்

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்: நமது கறிக்கடைப் பெயர்ப்பலகையில் இத்தனை காலமாக வெறுங்கண்ணோடு நின்றுகொண்டிருந்த ஆட்டுக்கு, நேற்று மாலை மூக்குக்கண்ணாடி அணிவிக்கப்பட்டது. விழா இனிதே நடந்தேறியது. கறுப்புப் பெயின்ட் ஒரு டப்பா, தூரிகை ஒன்று, கலைஞன் ஒருவன் (அடியேன்). ஏணியில் ஏறி, மூச்சை அடக்கி, இரண்டே இழுப்பில் இரண்டு வட்டம். ஆடு ஆடவே இல்லை.

இங்கு நான் நலம், அம்மா நலம், அப்பா நலம். ஆடுகள் மட்டும் நலமில்லை, தொழில் அப்படி. உன் நலம் அறிய ஆவல்.

நான் பேனா பிடிக்கிறேன் என்றால் அதற்குக் காரணம் நீ. உன் ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒரே ஒரு தடவைதான் "அமைச்சர் அலுவலகத்துலேருந்து பேசறோம், தட்டுல மிச்சம் வைக்கிறவங்க பேரெல்லாம் வேணும்" என்று போன் செய்தேன். உங்கள் பேராசிரியை எழுந்து நின்று பதில் சொன்னால் அது என் தப்பா? "இனிமே உன்கூட போன்ல பேச்சே கிடையாது. மையில எழுதினாத்தான் படிப்பேன். எழுதறப்பவாவது ஒரு நொடி யோசிப்ப" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாய். சரி, யோசித்தேன். யோசித்ததில் வந்ததுதான் மூக்குக்கண்ணாடி.

அப்பா காலையில் கத்தியைத் தீட்டிக்கொண்டே மேலே பார்த்தார், கீழே பார்த்தார், என்னைப் பார்த்தார். "படிச்ச ஆடாடா இது?" என்றார். அதற்குள் தையல்காரர் வந்து, விழுந்து விழுந்து சிரித்து, வழக்கத்தைவிட அரைக்கிலோ கூடுதலாக வாங்கிவிட்டதால் உயிர் பிழைத்தேன்.

அடுத்த திட்டம்: விலை எழுதுகிற கரும்பலகையில் 'படித்த ஆடு சொல்கிறது' என்று ஓர் அறிவியல் செய்தி. ஆட்டுக்குக் கண்ணாடி வந்துவிட்டது, மூளைதான் இல்லை. (கடையில் கிலோ கணக்கில் இருக்கிறது, ஆனால் அது வேறு.) கறி உடம்புக்கு நல்லது என்று விஞ்ஞானம் சொல்வதில் ஒன்றிரண்டை எழுதி அனுப்பு.

உன் பாசத்துக்கும் வசவுக்கும் சம உரிமை உள்ள,
வாலு


ஜூன் 15

டேய் வாலு,

நான் நலம். நீங்கள் மூவரும் நலமாக இருக்க வேண்டும். "உங்க தம்பி அமைச்சர் சௌக்கியமா?" என்று பேராசிரியை இன்னமும் கேட்கிறார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

என் வேலை என்ன என்று அப்பா கேட்டாராம். சொல். ஒரு நீளமான சாப்பாட்டு அறை. மேசைக்கு ஒரு எண். வருகிறவர்களுக்கு எட்டு வாரம் மதியம் கறி. அடுத்த எட்டு வாரம் அதே ஆட்களுக்குப் பயறு; அது முடிந்ததும் அடுத்த கூட்டம். தட்டைக் கொடுக்கும்முன் நான் நிறுப்பேன், திரும்பி வந்ததும் மிச்சத்தை நிறுப்பேன். அவ்வப்போது ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். எது உடம்பை என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் இத்தனையும். தொடங்கிய கைதான் முடிக்கும்வரை நிறுக்க வேண்டும் என்பது இங்கே சட்டம், அதனால் எனக்கு லீவு என்ற பேச்சே இல்லை. கறிக்கடைக்காரர் மகள் தராசு வேண்டாம் என்று ஓடிவந்தாள்; ஓடிவந்து இன்னொரு தராசின் முன்னால் நிற்கிறாள்.

உன் ஆட்டுக்குச் செய்தி: கறியில், அதிலும் ஈரலில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும். கீரையிலும் பயற்றிலும் இருப்பது கொஞ்சம் மெதுவாகத்தான் சேரும். கூடவே எலுமிச்சை மாதிரி ஏதாவது இருந்தால் அதுவும் நன்றாகச் சேரும். இரண்டாவது வாக்கியத்தையும் எழுத வேண்டும். பாதி சொன்னால் அதற்குப் பெயர் செய்தி இல்லை, விளம்பரம்.

அம்மா ஈரல் சாப்பிடுகிறாளா? போன வருஷம் ரத்தம் குறைவு என்று டாக்டர் கொடுத்த மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்று நிறுத்திவிட்டாள். வாரத்தில் இரண்டு நாள் ஈரல்தான் அவளுக்கு மருந்து. மறந்துவிடாதே.

கண்ணாடி போட்ட ஆட்டை அம்மா போனில் படம் பிடித்து அனுப்பினாள். வலது கண்ணாடி அச்சுப் போட்ட மாதிரி இருக்கிறது. இடது ஏன்டா உருளைக்கிழங்கு மாதிரி இருக்கிறது?

அப்பா அனுப்பிய வறுத்த கறிப் பார்சல் வந்தது, டப்பா காலி என்று அவரிடம் சொல்லிவிடு.

அன்புடன்,
அக்கா


ஜூன் 24

அன்புள்ள தராசு அக்காவுக்கு,

நலம், நலம், நலம். அங்கும் அப்படியே என்று எடுத்துக்கொள்கிறேன். இடது கண்ணாடி உருளை இல்லை, நவீன ஓவியம். உனக்குப் புரியாது.

பலகை தொங்கிவிட்டது. கேள்:

"கறியில் இருக்குது இரும்பு,
உடம்பே, அதை நீ விரும்பு!"
– படித்த ஆடு

இரண்டாவது வாக்கியத்துக்கு இடமில்லை. விலையும் எழுத வேண்டுமே! ஆனால் தெருவே நின்று படித்துவிட்டுப் போகிறது. பள்ளிக்கூடம் போகிற வாண்டுகள் எல்லாம் பாட்டாகவே பாடுகிறார்கள். அப்பா கொசுறாக ஓர் எலும்பு போடுகிறபோது "ஆட்டையே கேட்டுக்கோங்க" என்கிறார்.

அம்மாவுக்குத்தான் குறை. அவள் நாற்காலி கல்லாவுக்குப் பின்னால், தெருவைப் பார்த்து. பலகையோ வெளியே, அதுவும் தெருவைப் பார்த்து. "ஊரே சிரிக்குது, எனக்கு மட்டும் பலகையோட முதுகுதான் தெரியுது" என்று புலம்பல். அதனால் நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். நேற்று "ஈரல் தின்றால் இளமை திரும்பும்" என்று நானாகவே ஒன்று சேர்த்து வாசித்தேன். உடனே கன்னத்தில் கை வைத்து, கண் சொருகி, நாற்காலியிலேயே மயங்கிச் சரிந்தாள். என்ன நடிப்பு! நான் நின்று கை தட்டினேன். ஒற்றைக் கண்ணைத் திறந்து, "இப்ப எத்தனை வயசு தெரியுது?" என்கிறாள். நம் வீட்டுக் கோமாளி நான்தான் என்று ஊர் நினைக்கிறது. அசல் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறது, நான் நகல்.

இப்போது விண்ணப்பம். எதிர்ச்சாரியில் காய்க்கடை வைத்திருக்கிற அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "உங்க ஆடு பேசிக்கிட்டே இருக்கும், எங்க கோஸ் வாயை மூடிக்கிட்டு இருக்கணுமா?" நியாயம்தானே! கறிக்கு எதிராக விஞ்ஞானம் சொல்வதையும் அனுப்பு. ரெண்டு பக்கமும் கேட்க வேண்டும் என்று சொல்கிறவள் நீ.

இப்படிக்கு,
ஆட்டின் அந்தரங்கச் செயலாளர்,
வாலு


ஜூலை 6

டேய் வாலு,

நலம். உங்கள் நலத்தையும் எழுது, மொத்த வியாபாரம் மாதிரி மூன்று தடவை 'நலம்' போட்டு ஓட்டாதே.

நீ கேட்டது சின்னக் கேள்வி. ஆனால் அதற்குள் இருக்கும் சண்டை பெரியது. ஆயிரக்கணக்கான பேரைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்ததில், சிவப்புக் கறி அதிகம் சாப்பிடுகிறவர்களுக்குச் சில நோய்கள் கொஞ்சம் அதிகம் வருகிறது என்கிறார்கள். ஆனால் அவர்களில் பலர் சிகரெட் பிடிக்கிறார்கள், உடம்பை அசைப்பதில்லை, காய் குறைவாகச் சாப்பிடுகிறார்கள். திருடன் கறியா, கூட வந்த கூட்டமா? 'ஆதாரம் பலவீனம், இப்போது சாப்பிடுகிறபடியே சாப்பிடலாம்' என்று ஓர் அணி. 'ஒருவருக்குச் சின்ன ஆபத்துதான், கோடிப் பேருக்குச் சேர்த்துப் பார்' என்று இன்னோர் அணி. இரண்டு அணிக்கும் கையில் இருப்பது ஏறக்குறைய ஒரே கணக்கு. போன வாரம் எங்கள் பேராசிரியையும் புள்ளிவிவரக்காரரும் இதற்காகச் சாப்பாட்டு அறையிலேயே கத்திக்கொண்டார்கள். அவர் கரண்டியில் கறி, இவர் கரண்டியில் பயறு, நடுவில் என் தராசு.

கொஞ்சம் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று. பதப்படுத்திய இறைச்சி, அதாவது புகைபோட்டு, உப்பேற்றி, பாக்கெட்டில் நாள்கணக்காகக் கெடாமல் இருக்கிறதே, அது. தினமும் ஐம்பது கிராம் சாப்பிட்டால் குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு பதினெட்டு சதவீதம் கூடுதல். 'கூடுதல்' என்பதைக் கவனி. நூறு பேரில் ஐந்து பேருக்கு வரக்கூடியது, ஏறக்குறைய ஆறு பேருக்கு. நூற்றில் பதினெட்டு பேருக்கு என்று அர்த்தம் இல்லை. அப்பா விற்பது அந்த ரகமும் இல்லை. பச்சைக் கறியைப் பற்றி 'இருக்கலாம்' என்ற அளவில்தான் பேசுகிறார்கள்.

இன்னொன்று. இதை எல்லாம் அம்மா காதில் போடாதே. மாமா போனதிலிருந்து குடல் என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்கு முகம் சுருங்கிவிடும். கூடப் பிறந்தவனை அப்படிப் பார்த்தவள்.

டப்பா காலி. அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
அக்கா


ஜூலை 14

அக்கா, அக்கா, அக்கா,

நான் நலம். அம்மா நலம், கல்லாவில் ஈ ஓட்டுகிறாள். அப்பா நலம், ஈயோடு சேர்த்து என்னையும் ஓட்டுகிறார். போதுமா?

வரலாறு நிகழ்ந்துவிட்டது. நம் கடைக்கு நேர் எதிரே, காய்க்கடை வாசலில், வண்டிச் சக்கரம் அளவுக்கு ஒரு முட்டைக்கோஸ் தொங்குகிறது. அட்டையில் வெட்டியது. சணலைப் பிரித்துத் தாடி ஒட்டியிருக்கிறேன். பெயர்: தாடிக் கோஸ், ஓய்வு பெற்ற பேராசிரியர். அதற்குக் கீழே நம்முடையதைவிடப் பெரிய பலகை. நீ பக்கம் பக்கமாக அனுப்பிய கணக்கை இரண்டே வரியில் அடக்கிவிட்டேன். என்ன வரி என்று சொல்ல மாட்டேன், நேரில் வந்து பார்த்து மூர்ச்சையாகு. ஒன்று மட்டும் சொல்கிறேன்: உனக்கு ஆராயத் தெரியும், சுருக்கத் தெரியாது.

தெரு இரண்டாகப் பிளந்துவிட்டது. தையல்காரர் காலையில் ஆட்டைப் படித்துவிட்டு நம்மிடம் கறி வாங்குகிறார். திரும்பினால் கோஸ். அதைப் படித்துவிட்டு அங்கே போய்க் கீரை வாங்குகிறார். "ஏன் மாமா ரெண்டும்?" என்றேன். "யாரு சொல்றது சரின்னு தெரியலடா. ரெண்டு பேருக்கும் கப்பம் கட்டிட்டா நிம்மதியாத் தூங்கலாம்." உங்கள் பேராசிரியையும் புள்ளிவிவரக்காரரும் வந்து இவரிடம் பாடம் கேட்கட்டும்.

அப்பாவுக்குத்தான் லேசாகச் சந்தேகம். "ஏன்டா, ரெண்டு பலகையும் ஒரே கை எழுதின மாதிரி இருக்கு?"

"ஆடு வேற, கோஸ் வேறப்பா. ரெண்டும் ஒரே காலேஜ்ல படிச்சிருக்கலாம்."

இந்தத் தெருவின் தலைமை விஞ்ஞானி,
வாலு


ஆகஸ்ட் 20

டேய் வாலு,

நான் நலம். ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தலைமை விஞ்ஞானிக்குத் தபால்தலை வாங்க வழியில்லையா?

கோஸ் பலகையில் என்னதான் எழுதினாய்? ஆட்டின் ஒவ்வொரு பேச்சையும் படம் பிடித்து அனுப்புகிற அம்மா, கோஸை மட்டும் அனுப்பவே இல்லை. கேட்டால், "வெளிச்சம் சரியில்ல" என்கிறாள்.

அவள் குரலும் சரியில்லை. போனில் மாடிப்படி ஏறிவந்த மாதிரி மூச்சு வாங்குகிறது. நம் வீட்டில் மாடியே இல்லையே! ஈரல் சாப்பிடுகிறாயா என்றால், "எல்லாம் ஆச்சு, ஆச்சு" என்று பேச்சை வெட்டுகிறாள். எல்லாருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறவள். அவள் தட்டில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று அந்த வீட்டில் யாருக்குத் தெரியும்? இங்கே நான் முன்பின் தெரியாதவர்கள் தட்டை எல்லாம் நிறுத்துக்கொண்டிருக்கிறேன். நீ அந்த ஒரு தட்டை மட்டும் பார்த்துச் சொல். நிறுக்கக்கூட வேண்டாம்.

உடனே எழுது.

அக்கா


செப்டம்பர் 2

அக்காவுக்கு,

நான் நலம். அப்பா நலம். அம்மாவும் நலம்.

பரீட்சை வந்துவிட்டதால் எழுத முடியவில்லை. தட்டைப் பார்த்தேன். எல்லாம் இருக்கிறது. ஈரலும் இருக்கிறது. மூச்சு வாங்குவது வெயிலால் இருக்கும், இங்கே எல்லாருக்கும் வாங்குகிறது, நாய்க்குக்கூட.

கோஸ் என்ன சொல்கிறது என்று கேட்டாய். அது தினமும் புதிது புதிதாக ஏதாவது உளறும், எதை என்று எழுதுவது? வியாபாரம் இரு பக்கமும் அமோகம். அத்தை எனக்குத் தினம் ஒரு கேரட் இலவசம் தருகிறாள். பொதுச்சேவைக்குக் கிடைத்த மரியாதை.

பேனாவில் மை தீர்கிறது.

வாலு


அக்டோபர் 9

அக்கா,

அம்மா இப்போது எழுந்து உட்கார்கிறாள். பேசுகிறாள். உன்னிடம் போனில் பேசினாளே, அதைவிட இன்று தெளிவு.

விழும்போது யார் பக்கத்தில் இருந்தது என்று அப்பாவிடம் கேட்டாயாம். சொல்கிறேன். மதியக் கூட்டம் ஓய்ந்திருந்தது. நான் எதிர்ச்சாரியில் நின்றிருந்தேன். அம்மா கல்லாவிலிருந்து எழுந்தாள், கன்னத்தில் கை வைத்தாள், அப்படியே சரிந்தாள். பாய்ந்தேன் பார், ஒரே பாய்ச்சல்! குறுக்கே வந்த சைக்கிள்காரர் ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம். அம்மாவை அப்படியே அள்ளித் தூக்கி, ஆட்டோவில் போட்டு, ஆஸ்பத்திரி வாசல்வரை நான்தான். "சரியான நேரத்துல கொண்டுவந்தீங்க" என்று டாக்டரே சொன்னார்.

ரத்தம் ஏற்றினார்கள். "கறிக்கடைக்காரம்மாவுக்கா ரத்தம் இல்ல?" என்று நர்ஸ் கேட்டுச் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. ஏற்கெனவே குறைவு, இப்போது மூன்று மாதமாக ஈரலும் இல்லை, கறியும் இல்லையாம். பசிக்கிறபோது டீயைக் குடித்தே ஓட்டியிருக்கிறாள். ஏன் விட்டீங்க என்று டாக்டர் கேட்டார். "சும்மாதான். பிடிக்கல" என்றாள். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தாள்.

தைரியமாக இரு. நான் இருக்கிறேன்.

வாலு


அக்டோபர் 16

அன்புள்ள தம்பி,

நீ இருந்தாய், ஓடிப்போய்த் தூக்கினாய். நான் இங்கே நின்று தட்டு நிறுத்துக்கொண்டிருந்தேன். உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

முதலில் உன் பலகை மேல்தான் சந்தேகப்பட்டேன். மன்னித்துக்கொள். நீ கேலிக்காரன்தான், ஆனால் அம்மா காதில் போடாதே என்று நான் சொன்னதை மீறுகிறவன் இல்லை.

தப்பு என்னுடையது. மே மாதம் வந்தபோது அம்மாவிடம் மட்டும் ஒன்று சொன்னேன். நான் கறி சாப்பிடுவதை நிறுத்தி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பயந்து இல்லை. ஆறிப்போன மிச்சக் கறியைத் தினமும் நிறுத்து நிறுத்து எனக்கு அந்த வாசனை ஒப்பவில்லை, அவ்வளவுதான். அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை. அவர் ராத்திரியே வறுத்து, ஆறவைத்து, பஸ்ஸில் போட்டுவிடும் பார்சலை இங்கே வாசலில் இருக்கும் வாட்ச்மேன் சாப்பிடுகிறார். டப்பா காலி என்று எழுதினேன். காலி செய்தது யார் என்று எழுதவில்லை.

நான் விட்டதைப் பார்த்துத்தான் அவளும் விட்டிருக்கிறாள். ஆராய்ச்சி செய்கிற மகளே விட்டுவிட்டாள் என்றால் அந்த அம்மா என்ன நினைப்பாள்? கறி இல்லாமலும் நன்றாக வாழலாம்டா, எத்தனையோ பேர் வாழ்கிறார்கள். ஆனால் எடுத்த இடத்தில் வேறொன்றை வைக்க வேண்டும். நான் பயறு, கீரை, எலுமிச்சை என்று பார்த்துப் பார்த்து வைத்தேன். அம்மாவிடம் எடுத்ததை மட்டும் சொன்னேன், வைத்ததைச் சொல்லவில்லை. பாதி சொன்னால் விளம்பரம் என்று உனக்குப் பாடம் நடத்தியவள் நான்!

அவளைப் பார்த்துக்கொள்.

அக்கா


அக்டோபர் 22

அக்கா,

உன் கடிதம் வந்தது. ரொம்ப மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. தப்பு எல்லாருக்கும் வருவதுதான். நான் உன்னை மன்னித்துவிட்டேன். அப்பாவிடம் சொல்ல மாட்டேன்.

அம்மாவுக்கு வேறு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், வயிற்றைப் புரட்டவில்லை. ஈரலும் சாப்பிடுகிறாள். தாடிக் கோஸ் வாடிவிட்டதால் கழற்றிவிட்டேன்.

வேறு விசேஷம் இல்லை.

வாலு


நவம்பர் 3

அன்புள்ள தம்பி,

உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். ஒரு கிண்டல் இல்லை, ஒரு பட்டப்பெயர் இல்லை. உனக்கே சிரிப்பு வராமல் போகிற அளவுக்கு என் மேல் கோபம் என்றால், அது நியாயம்தான்.

முடிவு செய்துவிட்டேன். பதினைந்தாம் தேதி வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறேன். மேல்படிப்புக்கு என் பெயரைப் பேராசிரியை எழுதிக் கொடுத்திருந்தார், அதையும் வேண்டாம் என்று சொல்லப்போகிறேன். பெற்றவள் தட்டில் என்ன இருக்கிறது என்று தெரியாதவள் ஊரார் தட்டை நிறுத்து உலகத்துக்கு என்ன சொல்லிவிடப்போகிறேன்? கல்லாவில் நான் உட்கார்கிறேன். அம்மா ஓய்வெடுக்கட்டும்.

அப்பாவிடம் இப்போது சொல்ல வேண்டாம், வந்து சொல்லிக்கொள்கிறேன்.

அக்கா


நவம்பர் 7

அக்கா,

வேலையை விடாதே. முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் நலம் விசாரிப்பு. அம்மா நலம், இந்தத் தடவை நிஜமாகவே. அப்பா நலம். நான் நலமில்லை.

போனில் சொல்லலாம் என்று எடுத்து எடுத்து வைத்தேன். நீ ஹலோ என்றதும் பயத்தில் ஏதாவது குரலை மாற்றிப் பேசித் தொலைத்துவிடுவேன். அதனால் மை.

அட்டைக் கோஸ் வாடாது, அக்கா. ராத்திரியோடு ராத்திரியாகக் கிழித்துப் போட்டேன். அதன் கீழே இருந்த வரி இதுதான்:

"தட்டில் கறி தினம் தினம்,
குடல் புற்றுநோய் பதினெட்டு சதவீதம்!"

'பதப்படுத்திய' என்று போட்டால் வரி நொண்டியது. 'கூடுதல்' என்று போட்டால் தாளம் இடித்தது. இரண்டையும் வெட்டினேன். கறிக்கடைக்காரர் மகன் இல்லையா, கொழுப்பு என்று நினைத்து வெட்டி எறிந்தேன். எறிந்ததுதான் கறி.

ஆட்டுப் பலகைக்கும் தெருவைப் பார்த்த முகம், கோஸ் பலகைக்கும் தெருவைப் பார்த்த முகம். நடந்துபோகிறவர்கள் இரண்டையும் படித்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். கல்லாவில் உட்கார்ந்திருப்பவளுக்கு ஆட்டின் முதுகும் கோஸின் முகமும்தான். காலையிலிருந்து கடை சாத்தும்வரை, அந்த இரண்டு வரி மட்டும். அம்மா காதில் போடாதே என்றாய். காதில் போடவில்லை. கண்ணெதிரே ஆணி அடித்து மாட்டினேன்.

தெரியாமல் செய்தேன் என்று இத்தோடு முடித்துவிடலாம். முடியவில்லை. ஆகஸ்டில் உன் கடிதம் வந்த அன்றைக்கே, அம்மா இல்லாத நேரம் பார்த்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். நேராகத் தெரிந்தது. அன்றைக்கே அழித்திருக்கலாம். அழித்தால் ஏன் என்று அத்தை கேட்பாள், தெரு கேட்கும், தலைமை விஞ்ஞானிக்குத் தப்பிவிட்டது என்று ஆகிவிடும். அதனால் விட்டுவிட்டேன். தட்டைப் பார்த்தேன் என்று எழுதியதும் பொய். பார்த்தால் தெரிந்துவிடும் என்றுதான் பார்க்கவில்லை.

பாய்ந்ததும் பொய். அம்மா விழுந்தபோது நான் கோஸுக்கு மறுபடி தாடி ஒட்டிக்கொண்டிருந்தேன். கன்னத்தில் கை வைத்துச் சரிந்தாளா, எனக்காக நடிக்கிறாள் என்று நினைத்தேன். கை தட்டினேன், அக்கா. நடுத்தெருவில் நின்று நன்றாகச் சத்தமாகக் கை தட்டினேன். ஒற்றைக் கண்ணைத் திறப்பாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓடியது காய்க்கடை அத்தை. சைக்கிளைத் தள்ளியது, தூக்கியது, ஆட்டோவை நிறுத்தியது எல்லாம் அத்தைதான். நான் ஆட்டோவில் அம்மாவின் செருப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதுவும் ஒற்றைச் செருப்பு.

இத்தனையும் வைத்துக்கொண்டு, உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதினேன். அந்தக் காகிதம் இருந்தால் கிழித்துவிடு.

நேற்று அம்மாவிடம் சொன்னேன். அவள் எலுமிச்சம்பழத்தை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"தெரியும்டா," என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? எல்லா எழுத்துக்கும் வால் வெச்சிருப்ப."

"தெரிஞ்சுமா நம்பின? நான் எழுதறதை யாராவது நம்புவாங்களாம்மா?"

"பொண்ணு ஆராயறா, புள்ள எழுதறான். நானே நம்பலைன்னா வேற யாருடா நம்புவா? அவளும் விட்டுட்டு நல்லாத்தானே இருக்கான்னு நினைச்சேன். உங்க மாமா மொகம் வேற கண்ணுலயே நின்னுச்சு."

"டாக்டர் கேட்டப்ப ஏன் சொல்லல?"

"நீ பக்கத்துல நின்ன."

அவளே எலுமிச்சையை இரண்டாக வெட்டிவிட்டு, "ஆனா வரி நல்லாத்தான்டா இருந்துச்சு" என்றாள்.

ஆகவே கணக்கு இதுதான். உன் பங்கு கொசுறு. எடை என்னுடையது. கொசுறுக்காக யாராவது கடையை மூடுவார்களா?

அப்பாவிடமும் சொல்லிவிட்டேன், என் பங்கை மட்டும். கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். தீட்டி முடிந்த பிறகும் தீட்டினார். பிறகு அம்மாவின் நாற்காலியைத் தூக்கிவந்து, பலகையின் முகம் தெரிகிற மாதிரி வாசலோரம் போட்டார். "இனி எதை எழுதினாலும் அவ படிச்சப்புறம்தான் ஊரு படிக்கணும்" என்றார். பலகையில் இப்போது விலை மட்டும்தான்.

உன் விஷயத்தை நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. உங்கள் வாட்ச்மேன் பார்சல் மேல் இருந்த நம்பருக்குப் போன் செய்து, "அடுத்த தடவை கொஞ்சம் காரம் தூக்கலா இருந்தா நல்லா இருக்கும்யா" என்று எப்போதோ கேட்டுவிட்டாராம். அப்பா அன்றைக்கிலிருந்து காரம் தூக்கலாகத்தான் அனுப்புகிறார். "அவளா சொல்ற வரைக்கும் நாமளா கேக்க வேணாம்" என்று அம்மாவிடம் சொன்னாராம்.

பதினைந்தாம் தேதி பேராசிரியையிடம் எதையும் கொடுக்காதே. வேண்டுமானால் அமைச்சர் அலுவலகத்திலிருந்து பேசியவன் மன்னிப்புக் கேட்டான் என்று சொல்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. சின்னதுதான். ஆட்டுக்கு நான் போட்டது இடது கண்ணாடி மட்டும். அதற்குள் ஏணியில் கால் வெடவெடவென்று நடுங்கி இறங்கிவிட்டேன். "தள்ளுடா" என்று என்னை ஏணியைப் பிடிக்கச் சொல்லி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி, ஒரே இழுப்பில் வலதைப் போட்டது அம்மா.

வாலு